பொத்தான் கடைக்கு எதற்குப் பரிசு?

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவன் நான். என் குரல் கேட்டால், தாமதமாக வந்துகொண்டிருக்கும் ரயில்கூட வெட்கப்பட்டு வேகம் கூட்டும். இதைச் சொன்னால் என் தங்கை, "ஆமா, அப்புறம் எஞ்சின் இறங்கி வந்து உன் கால்ல விழுமே, அதையும் சொல்லு" என்பாள். அவளுக்கு அண்ணன்மேல் மரியாதை கிடையாது, பாசம் மட்டும்தான். அப்பேர்ப்பட்ட குரல் படைத்த என்னை, அவளுடைய கடையின் தலையெழுத்து தீர்மானமான காலையில், வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் ஊதித்தான் சொல்வேன். கழித்துக்கொள்வது உங்கள் பாடு.

கடைத்தெருவின் நடுவில் தங்கைக்கு ஒரு பொத்தான் கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். உலகத்தில் எந்தச் சட்டையிலிருந்து எந்தப் பொத்தான் அறுந்து விழுந்தாலும், அதன் கூடப்பிறந்தது அந்த இழுப்பறைகளில் ஏதாவது ஒன்றில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே அத்தனை அழகு. வெளியே மட்டும் தகரம். எந்தக் காலத்திலோ யாரோ, உள்ளே போகும் வழியை மட்டும் விட்டு, முகப்பு முழுவதையும் மூடி ஒரு தகரத்தை அடித்து, அதில் பற்பசை விளம்பரம் வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். வெயிலில் அந்த விளம்பரப் பெண்ணின் கண், மூக்கு, கூந்தல் எல்லாம் வெளுத்துப் பல் மட்டும் மிச்சம். "பல்லுக்குக் கீழ இருக்கற கடை" என்றுதான் வழி சொல்வார்கள்.

போன மழைக்காலத்தில் அடித்த ஒரு காற்றில் தகரம் பிய்த்துக்கொண்டு பறந்து, இரண்டு தெரு தாண்டி, ஒரு பல் வைத்தியர் வாசலில் போய் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இதில் நான் எதையும் சேர்க்கவில்லை. சரி, இரண்டு கடை தாண்டி விழுந்தது. பல் வைத்தியர் நான் சேர்த்தது.

தகரம் போன இடத்தைப் பார்த்துத் தெருவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு மர முகப்பு! கதவுக்கு இரண்டு பக்கமும் வயிறு தள்ளினாற்போல் வளைந்த ஜன்னல்கள், கடைசல் பிடித்த மெல்லிய தூண்கள், மேலே ஓர் இலைக்கொடி வரிசை. வலது பக்கம் முழுசாக இருந்தது. இடது பக்கத்தைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. தொட்டால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

மறுநாளே கட்டடக்காரர், அதாவது கடையை வாடகைக்கு விட்டிருப்பவர், வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். பளபளப்பு என்றால் மட்டும் கொஞ்சம் பலவீனம். காலில் போட்டிருக்கும் ஷூவில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

"இதையெல்லாம் எடுத்துடலாம்மா" என்றார். "பக்கத்து செல்போன் கடையையும் இதையும் சேர்த்து ஒரே கண்ணாடியா போட்டுடறேன். அந்தக் கடைக்காரரும் ரொம்ப நாளா கேட்கறார். உனக்கு உள்ள ஒரு மூலை ஒதுக்கித் தரச் சொல்றேன்."

"மூலையா? இத்தனை இழுப்பறைக்கு மூலையா? பொத்தானையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா நிக்க வைக்கவா?"

"காலம் மாறுதும்மா."

தங்கை சண்டைக்குப் போகவில்லை. அவள் சண்டைக்குப் போகாவிட்டால்தான் எதிராளி பயப்பட வேண்டும் என்பது கட்டடக்காரருக்குத் தெரியாது. ஊரில் பழைய கடை முகப்புகளையும் வீடுகளையும் அவற்றின் குணம் கெடாமல் சீர்செய்கிறவர்களுக்கு, ஊர்மன்றம் வருடத்துக்கு ஒரு பித்தளைத் தகடு கொடுக்கிறது. 'பழமைக்கு இசைந்த சீரமைப்பு' என்று அதற்குப் பெயர். அந்தப் பரிசு விழா மேடையிலும் வருஷா வருஷம் அறிவிப்பாளன் நான்தான்.

"தகட்டுல கட்டடக்காரர் பேரும் போடுவாங்களாம்" என்றாள் தங்கை, ஒரு நூல்கண்டைத் துடைத்துக்கொண்டே. "வாசல்லயே, எல்லாரும் பார்க்கற மாதிரி. பித்தளை. தினம் தேய்ச்சா நல்லா மின்னும்."

கட்டடக்காரரின் முகத்தில் அப்போதே பித்தளை மின்னியது. யோசித்துவிட்டு, "சரி. தகடு வந்தா மரம். வரலைன்னா கண்ணாடி. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று போய்விட்டார்.

வேலையை ஆரம்பித்தது தங்கையின் புருஷன், எங்கள் வீட்டு மாப்பிள்ளை. மேஜை நாற்காலி செய்கிற தச்சர். எதைச் செய்தாலும் முனகிக்கொண்டே செய்வார். கல்யாண மேடையிலேயே, பலகை ஆடுகிறது என்று முனகியவர்.

முதலில் பெயிண்டைச் சுரண்டினார்கள். மஞ்சளுக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் சிவப்பு, அதற்கு அடியில் காப்பிப் பொடி நிறம். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. இன்னும் சுரண்டினால் தெருவின் மறுபக்கத்துக்கு வந்துவிடுவோம் என்று எனக்குப் பயமாகிவிட்டது. கடைசியில் அடி மரத்தை ஒட்டி ஒரு சாம்பல் பச்சை. தங்கை அதைத் தொட்டுப் பார்த்து, "இதுதான்" என்றாள், காணாமல் போன பொத்தானுக்கு ஜோடி கிடைத்த முகத்தோடு. அதே பச்சையைப் பழைய பச்சையோடு ஒத்துப்போகும் வரை கலந்து, பூசி, தேய்த்து, மறுபடி பூசினாள்.

இடது பக்கத்தை வலது பக்கம் பார்த்து மாப்பிள்ளை புதிதாகச் செய்தார். வலது பக்கத் தூண் ஒன்றை அந்தக் காலத்துத் தச்சன் கொஞ்சம் கோணலாக நிறுத்தியிருந்தான். இவர் அவனைப் பற்றி ஒரு வாரம் முனகினார். முனகிவிட்டு, இடது பக்கமும் அச்சாக அதே கோணலில் நிறுத்தினார்.

"ஏன் மாப்பிள்ளை, நேராவே வச்சிருக்கலாமே?"

"நேரா வச்சா அந்தப் பக்கம் கோணல்னு தெரிஞ்சிடும் மச்சான். செத்துப்போன ஆளை எதுக்கு நடுத்தெருவுல நிறுத்தணும்?"

இன்னொரு பழக்கமும் உண்டு அவருக்கு. பழையதோடு சேர்க்கிற எந்தப் புது மரத்துக்கும், அதன் முதுகில், உள்பக்கமாக, அந்த வருஷத்தை உளியால் வெட்டிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "முன்னால பார்த்தா தெரியக் கூடாது. பின்னால பார்த்தா ஒளிக்கக் கூடாது. நாளைக்கு வேற ஒருத்தன் வந்து பிரிச்சா, அவன் ஏமாறக் கூடாதில்ல?" என்றார். முனகாமல் அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நடுவர்கள் வரும் நாள் வந்தது.

உள்ளூர்க்காரர்கள் நடுவராக இருந்தால் மாமன் மச்சான் பார்ப்பார்கள் என்று வெளியூரிலிருந்து மூன்று பேரை அழைத்திருந்தார்கள். தலைவி, பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். அவர் பார்த்தால் மலைகூட நேராக நிற்கும். இன்னொருவர் இஞ்சினியர், எந்தப் பொருளைக் கண்டாலும் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மூன்றாமவர் போட்டோக்காரர்.

எனக்கு வழிகாட்டும் வேலை. புறப்படும்போதே டீச்சரம்மா என்னை நிறுத்தினார்.

"பொத்தான் கடை உங்க தங்கச்சி கடையாமே?"

"ஆமாங்க, அதுல பாருங்க, அந்தத் தகரம்..."

"நிறுத்துங்க. அந்தக் கடையைப் பத்தி நீங்க வாயைத் திறந்தா, அதைப் போட்டியிலேருந்தே எடுத்துடுவேன். கடைக்காரங்களுக்கும் அதே சட்டம்தான். நாங்க கேட்டா மட்டும்தான் பேசணும். பழைய போட்டோ கொண்டுவந்து நீட்டறது, கதை சொல்றது, எதுவும் கிடையாது. கண்ணுதான் முதல்ல."

பழைய போட்டோவுக்கு நாங்கள் எங்கே போவது? அசிங்கத்தை யார் படம் எடுத்து மாட்டிவைப்பார்கள்? நான் உதட்டைப் பூட்டிக்கொண்டேன்.

முதலில் ஒரு மாடி வீடு. துருப்பிடித்த பால்கனிக் கம்பிகளைக் கழற்றிச் சுத்தம்செய்து, உடைந்த பூ வேலைகளை மட்டும் வார்த்துச் சேர்த்திருந்தார்கள். டீச்சரம்மா தலையசைத்தார். அடுத்து ரொட்டிக் கடை. அந்த மனிதர் ஆசை ஆசையாகத் தூண், கதவு, ஜன்னல், ஏன், தாழ்ப்பாள் வரைக்கும் தங்க பெயிண்ட் அடித்திருந்தார். பறவைகள் அந்தக் கடைக்குமேல் பறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பறந்தன. இஞ்சினியர், "வேலைன்னா இது வேலை. செஞ்சது கண்ணுக்குத் தெரியுது பாருங்க" என்றார். ரொட்டிக் கடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு பொத்தான் கடை.

மூவரும் நின்றார்கள். மேலும் கீழும் பார்த்தார்கள். என் நெஞ்சு முதல் நடைமேடையில் எக்ஸ்பிரஸ் போவதுபோல் அடித்துக்கொண்டது.

"நல்ல பழைய முகப்பு" என்றார் இஞ்சினியர். "கெடாம அப்படியே இருக்கு. ஆனா வேலை இன்னும் ஆரம்பிக்கலை போல."

"பேர் குடுத்துட்டு விட்டுட்டாங்களோ என்னவோ" என்றார் போட்டோக்காரர். கேமராவைக்கூடத் தூக்கவில்லை.

டீச்சரம்மா பெருமூச்சு விட்டார். "பாவம். இவ்வளவு நல்லா இருக்கறதை அடுத்த வருஷமாவது கெடுக்காம ஏதாவது செய்யட்டும். வாங்க, போகலாம்."

ஐயா, அந்த நேரத்தில் என் வாய்க்குள் இருந்த வார்த்தைகளை மட்டும் திறந்து விட்டிருந்தால் அணை உடைந்து ஊர் மூழ்கியிருக்கும்! கண்ணாடிக்குப் பின்னால் தங்கை நின்றுகொண்டிருந்தாள். பாதி இழுத்த இழுப்பறை கையில். அவள் காதில் எல்லாம் விழுந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. சண்டைக்காரி, வாயாடி, அவளும் பேச முடியாமல் என்னைப் பார்த்தாள். சின்ன வயதில், என் பட்டத்தின் நூல் அறுந்தபோது என்னைப் பார்த்த அதே பார்வை. மூவரும் பக்கத்துச் செல்போன் கடையைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் நாலடி போனால் தகடு போயிற்று. தகடு போனால் கண்ணாடி. கண்ணாடி வந்தால் அவளுக்கு மூலை.

பேசத்தானே கூடாது? நான் என் சட்டையின் நடுப் பொத்தானைப் பிடித்து ஒரு திருகு திருகினேன்.

வரவில்லை. தைத்தது யார்? என் தங்கை. அவள் தைத்த பொத்தானில் கப்பலைக் கட்டி இழுக்கலாம். இரண்டு கையாலும் இழுத்தேன். கடைசியில் குனிந்து பல்லால் கடித்துப் பிய்த்தேன். தெருவில் போன ஒருவர் ஒதுங்கிப் போனார்.

தொண்டையைச் செருமினேன். டீச்சரம்மா திரும்பினார். பிளந்து நின்ற சட்டையையும், அதன் வழியே உலகத்தை எட்டிப் பார்த்த என் வயிற்றையும் கண்டார்.

"என்ன கோலம் இது!"

நான் பரிதாபமாக, கையிலிருந்த பொத்தானைக் காட்டினேன். பிறகு கடையைக் காட்டினேன்.

"சாயங்காலம் மேடையேற வேண்டிய ஆள்! போங்க, போய்த் தைச்சுக்கிட்டு வாங்க. நாங்க நிக்கறோம்."

நின்றால் வெயில். வெயிலில் எத்தனை நேரம் நிற்பார்கள்? ஒருவர் பின் ஒருவராக மூவரும் கடைக்குள் வந்துவிட்டார்கள்.

"என்னண்ணே இது, பல்லாலயா கடிச்சே?" என்று தங்கை கிசுகிசுத்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், தான் தைத்ததைப் பிய்த்த கோபம் போகவில்லை. ஏதோ இழுப்பறையைத் திறந்து, பெண்கள் கோட்டுக்கு வைக்கிற சிவப்புப் பொத்தான் ஒன்றை எடுத்தாள். சின்னத் தட்டு அளவுக்கு இருந்தது. என் வெள்ளைச் சட்டையில் அதை வைத்து, என் வயிற்றையும் சேர்த்து இரண்டு குத்துக் குத்தித் தைத்தாள். நான் வாயைத் திறக்க முடியாதே, வசதியாகப் போயிற்று அவளுக்கு.

கடை மூடும்போது ஜன்னலுக்கு வெளியே பொருத்துகிற மரப் பலகைகள், உள்ளே சுவரில் சாய்ந்து நின்றன. இஞ்சினியருக்குக் கை சும்மா இருக்குமா? ஒன்றை எடுத்தார். திருப்பினார். இந்த மனிதரைப் பெற்றவர்கள் நீடூழி வாழட்டும்.

"அம்மா, இங்க பாருங்க. பின்னால வருஷம் வெட்டியிருக்கு. இந்த வருஷம்!"

டீச்சரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். முன்பக்கம் திருப்பினார், பழையது. பின்பக்கம் திருப்பினார், புதியது. நிமிர்ந்தார்.

"என்னம்மா, இந்தப் பலகை மட்டும் புதுசா?"

தங்கை கையிலிருந்த ஊசியை, ஊசி செருகி வைக்கிற சின்ன மெத்தையில் அழுத்திக் குத்தினாள். "நீங்க என்கிட்ட கேட்டது கேள்விதானே?"

"கேள்விதான்."

"அப்ப நான் பேசலாமில்ல?"

"பேசலாம்."

"வெளிய வாங்க மூணு பேரும்" என்றாள். அந்தக் குரல் எங்கள் வீட்டுக் குரல். பக்கத்து ஊர் ரயில்வே கேட் தானாகவே மூடிக்கொண்டிருக்கும். "இதுல பாதி நாங்க செஞ்சது. எந்தப் பாதின்னு நீங்களே சொல்லுங்க. தொட்டுப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். உள்ள வந்து பார்க்கறது மட்டும் கிடையாது."

இஞ்சினியர் தூண்களைத் தட்டி, தூர நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "வலது பக்கம்தான் புதுசு. இவ்வளவு கச்சிதமா இருக்கே" என்றார். போட்டோக்காரர், கதவும் மேலே இலைக்கொடியும் மட்டும் என்றார். டீச்சரம்மா வெகுநேரம் தடவித் தடவிப் பார்த்தார். கோணல் தூண் இரண்டையும் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். "ரெண்டும் கோணல். அதனால ரெண்டும் ஒருத்தர் செஞ்சது. ஜன்னல் வரைக்கும் எல்லாமே பழசு. என்னை ஏமாத்தறீங்க" என்றார்.

தங்கை உள்ளே போய், ஜன்னலுக்குப் பின்னால் தொங்கிய துணியை விலக்கினாள். "இப்ப வாங்க."

இடது பக்கத்துத் தூண், சட்டம், அடிப்பலகை, இலைக்கொடியின் பாதி, எல்லாவற்றின் முதுகிலும் இந்த வருஷம். வலது பக்கத்தில் ஒன்றுமில்லை. யாரோ எப்போதோ போட்ட பென்சில் கோடுகள் மட்டும். மாப்பிள்ளை பின்கட்டிலிருந்து வந்து, மரத்தூள் தலையோடு நின்றார். டீச்சரம்மா அவரைப் பார்த்து, "அந்தக் கோணல்?" என்று கேட்டார்.

"முனகிக்கிட்டேதாங்க வச்சேன்" என்றார் மாப்பிள்ளை.

டீச்சரம்மா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல்; பிறகு இழுப்பறைக்குள் பொத்தான்கள் குலுங்கும்படி. (இது ஊதியது இல்லை. உண்மையாகவே குலுங்கின. பக்கத்தில் நின்றது நான்.)

இஞ்சினியருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "எல்லாம் சரி. தகடு குடுத்தா, வர்றவங்க பார்த்துட்டு, இதுல என்ன செஞ்சிருக்காங்கன்னு கேட்பாங்களே?"

"கேட்கட்டும்" என்றார் டீச்சரம்மா. "நாமளும் அதையேதானே கேட்டோம்? அதுக்குத்தான் தகடு."

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினார். "நீங்க வாயைத் திறக்கலை. ஒத்துக்கறேன். ஆனா சட்டையைத் திறந்தீங்களே!"

"தானா அறுந்துதுங்க" என்றேன். என் கையிலிருந்த பழைய பொத்தானில் பதிந்த பல் தடத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் மேடையில், வயிற்றில் சிவப்புச் சந்திரன் உதித்தாற்போல் பொத்தானோடு நின்று அறிவித்தேன். பால்கனி வீட்டுக்குப் பாராட்டுப் பத்திரம். "பழமைக்கு இசைந்த சீரமைப்புக்கான பித்தளைத் தகடு, கடைத்தெரு பொத்தான் கடைக்கு, இதோ, முதல் நடைமேடையில் வந்துசேர்கிறது!" கைதட்டலில் புறாக்கள் கிளம்பின. ரொட்டிக் கடைக்காரர் முகத்தை ஆறிய ரொட்டிபோல் வைத்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மா அவரிடம் போய், "அந்தத் தங்கத்துக்கு அடியில நல்ல தேக்கு இருக்கு. சுரண்டிடுங்க, அடுத்த வருஷம் நானே வர்றேன்" என்றார். மறுநாள் காலையில் ரொட்டிக் கடைக்காரர், தங்கத்தைச் சுரண்டித் தரச் சொல்லி, சுடச்சுட ரொட்டியோடு மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றார்.

இனி ஒரு சிக்கல் பாக்கி. தகட்டின் நான்கு மூலையிலும் திருகாணிக்கு ஓட்டை. கட்டடக்காரர் துளைபோடும் கருவியோடு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "நடுத் தூண்லயே வைப்பா. என் பேர் தெரியணும்."

மாப்பிள்ளை தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதுல ஒரு ஊசிகூட இறங்கக் கூடாது. என் மேலேயே துளை போடுங்க."

"தகடு வெளிய தெரியணும்னுதானேய்யா பேச்சு!"

"முகப்பைக் கெடுக்காததுக்குக் குடுத்த தகடு. அதை மாட்ட முகப்பைக் கெடுக்கணுமா?"

இவர் விடமாட்டேன் என்றார், அவர் விடமாட்டேன் என்றார். அந்த ஆள் கருவியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தங்கை வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தவள், மரம் முடிந்து சுவர் ஆரம்பிக்கிற இடத்தைக் காட்டினாள். பழைய தகரத்தை அடித்த ஆணி ஓட்டைகள் செங்கல்லில் வரிசையாக அப்படியே இருந்தன.

"பல்லு இருந்த இடத்துலயே வச்சிடலாமே" என்றாள்.

வைத்தார்கள். இரண்டு திருகாணிக்கு ஓட்டை அச்சாகப் பொருந்தியது. மற்ற இரண்டுக்கும் மரச் சக்கை செருக வேண்டியிருந்தது. நான்கும் பொருந்தியது என்றுதான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், நீங்கள் காட்டிக்கொடுக்காதீர்கள். மாட்டுவதற்குமுன் மாப்பிள்ளை தகட்டின் முதுகில் ஆணியால் வருஷத்தைக் கீறினார்.

கட்டடக்காரர் கர்ச்சீப்பை எடுத்துத் தன் பெயரைத் துடைத்தார். அப்புறம் மெல்ல ஓரமாக நகர்ந்து, பக்கத்துச் செல்போன் கடையின் முகப்பிலும் அடித்திருந்த தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். "இதுக்குப் பின்னால என்ன இருக்கும்?" என்று, பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"கண்ணாடி இல்லைங்க" என்றாள் தங்கை.

அந்த வாரமே, நான் கடையில் உட்கார்ந்து என் வழக்கமான பொய்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளியே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். அந்த அம்மாள் தகட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முகப்பை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குங்க பரிசு? ஒண்ணுமே பண்ணலையே. எப்பவும் போலத்தானே இருக்கு?"

"வேண்டியவங்களா இருக்கும்" என்றார் புருஷன்.

தங்கை கையிலிருந்த நூல்கண்டைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். "ஏங்க! கேட்டீங்களா? ஒண்ணுமே பண்ணலையாம்!"

உள்ளே இழைப்புளிச் சத்தம் நின்றது. முனகல் வரும் என்று காத்திருந்தேன். "இன்னொரு தரம் சொல்லச் சொல்லு" என்று குரல் வந்தது.

நான் எழுந்து, சிவப்புப் பொத்தானை நேராக்கிக்கொண்டு, அவர்களைக் கூப்பிட வெளியே போனேன். இப்போது எனக்கு வாய்த்தடை எதுவும் இல்லையே.